ஹைதாபு: வைக்கிங் துறைமுகம் பார்க்கப் போகலாமா?

ஜேர்மனியின் வடக்கு மூலையில், ஷ்லெஸ்விக் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஹைதாபு, வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளின் துறைமுக ஊர். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து ஜேர்மனியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஹம்பர்க்கோடு திரும்பிவிடாமல் கட்டாயம் பாருங்கள்.

கோபுரம், கோட்டை என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய ஊர் இருந்த இடம் இப்போது புல்வெளி, சுற்றி அரைவட்டமாக மண் அரண், முன்னால் தண்ணீர். அரண்மேல் ஏறி நின்றால்தான் விஷயம் புரிகிறது: 808இல் டென்மார்க் அரசன் கோட்ஃபிரெட் ரெரிக் துறைமுகத்தை அழித்து, அங்கிருந்த வணிகர்களை இங்கே கொண்டுவந்தான், ஏனென்றால் பால்டிக் கடலிலிருந்து உள்ளே வரும் ஷ்லை நீர்வழிக்கும் வடகடல் பக்கம் ஓடும் ஆற்றுக்கும் இடையில் கொஞ்சத் தூர நிலம்தான், சரக்கைத் தரைவழியாகக் கடத்திவிட்டால் டென்மார்க்கையே சுற்றிக் கப்பல் ஓட்ட வேண்டியதில்லை. அரபு வெள்ளிக்காசு வரை இந்த மண்ணில் கிடைத்திருக்கிறது!

எனக்கு ரொம்பப் பிடித்தது, அகழாய்வை வைத்துத் திரும்பக் கட்டியிருக்கும் 7 வீடுகள். வரிச்சு பின்னி மண் பூசிய சுவர், நாணல் கூரை, நடுவீட்டில் அடுப்பு. லயக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெருக்கம் உடனே பிடிபடும்.

அருங்காட்சியகமும் நல்லது, துறைமுகச் சேற்றிலிருந்து 1979இல் எடுத்த நீண்ட போர்க்கப்பலை அவசரப்படாமல் பாருங்கள். 1066இல் ஸ்லாவிய இனத்தவர் தாக்கிய பிறகு ஊர் எழவில்லை, மக்கள் ஷ்லெஸ்விக்குக்குப் போய்விட்டார்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அப்புறம், நுவரெலியாக் குளிர் பழகியவர்களும் காற்றுப் புகாத ஜாக்கெட் கொண்டுபோங்கள். அங்கே வீடுகளுக்குக் கொஞ்சத் தூரம் திறந்தவெளியில் நடக்க வேண்டும்.