சேற்றில் மாட்டிய சர்வீஸ் வேன்: இழுப்பதா, தோண்டுவதா?

சேற்றில் மாட்டிய வேனை வெளியே எடுக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். காற்றை இறக்கு என்பார் ஒருவர், பலகை போடு என்பார் இன்னொருவர், டிராக்டரைக் கூப்பிட்டால் ஒரே இழுப்பில் வந்துவிடும் என்பார் மூன்றாமவர். எல்லாமே ஏதோ ஒரு நிலைமையில் பலிக்கும் வழிகள்தான். ஆனால் இவற்றுக்குள் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. சில வழிகள் இழுக்கும் பலத்தைக் கூட்டுகின்றன. சில வழிகள் சேற்றின் பிடியைத் தளர்த்துகின்றன. கருவிகளும் உதிரி பாகங்களும் நிறைந்த வேனோடு, பெரும்பாலும் தனியாளாக வாடிக்கையாளரைத் தேடிப் போகிற சர்வீஸ்காரருக்கு இரண்டாவது வகைதான் முதலில் வர வேண்டும். இழுப்பது அதற்கு அப்புறம்தான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேடுகள் புதைந்த ஆழத்தை மூன்று படியாகப் பிரிக்கின்றன. சக்கரத்தின் நடுமையமான ஹப் வரை சேறு இருந்தால், வண்டியை நகர்த்த அதன் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை ஏறியிருந்தால் எடையைப் போல் இரண்டு மடங்கு. கேபின் வரை போய்விட்டால் மூன்று மடங்கு. சுமையோடு 3 டன் இருக்கிற வேன் ஹப் வரை புதைந்தால் சுமார் 3 டன் இழுவிசை. மட்கார்டு வரை சேறு வந்துவிட்டால் 6 டன். அந்த 6 டன்னை எந்தக் கயிறு தாங்கும், வேனில் எந்தக் கொக்கி தாங்கும் என்று யோசித்தால், அரை மணி நேரம் மண்வெட்டி பிடிப்பது எவ்வளவு லாபமான வேலை என்று புரியும். தோண்டத் தோண்ட அந்த எண்ணே இறங்கிக்கொண்டு வரும்.

மிதித்து எடுப்பதும் ஆட்டி எடுப்பதும்

பலரும் முதலில் செய்வது ஆக்சிலேட்டரை மிதிப்பது. இருப்பதிலேயே மோசமான வழியும் அதுதான். சுழன்று நின்ற டயரைக் குனிந்து பாருங்கள். பட்டன் இடுக்குகளில் எல்லாம் சேறு அப்பி, டயர் மொழுமொழுவென்று இருக்கும். பிடிப்பதற்கு விளிம்பே மிச்சம் இருக்காது. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் டயர் தனக்குத்தானே குழி பறிக்கும், அவ்வளவுதான். இன்ஜினின் பலத்தை இரு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். அது சாதாரண வகையாக இருக்கிற வண்டியில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் அது சமமான முறுக்கைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால், அந்தச் சக்கரம் தாங்குகிற சொற்ப முறுக்குதான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். கெட்டியான மண்ணில் நிற்கிற சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும்.

இதோடு ஒப்பிட்டால், முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி எடுப்பது நியாயமான முயற்சி. ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும், மிதி பூப்போல இருக்க வேண்டும், மாட்டிய உடனேயே செய்ய வேண்டும். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் போகப் பார்ப்பது நல்லது. அந்த மண்ணை வண்டி ஏற்கெனவே அழுத்தி வைத்திருக்கிறது. மேனுவல் கியர் என்றால் இரண்டாவது கியரில் கிளம்பினால் சக்கரம் சட்டென்று சுழலாது. சக்கரம் வழுக்காமல் தானாகத் தடுக்கிற டிராக்ஷன் கண்ட்ரோல் இன்ஜினின் வேகத்தை அடக்கி வண்டியை மூச்சுத் திணற வைத்தால் அதை அணைத்துவிட்டு முயன்று பார்க்கலாம். நாலைந்து ஆட்டில் நகரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் கிளட்ச் கருகும், ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கும், குழியும் ஆழமாகும்.

சுமையை மாற்றி வைப்பது

யாரும் பெரிதாகப் பேசாத வழி இது. வேலை வேனுக்கு என்றே அமைந்த வழி என்றும் சொல்வேன். கார்க்காரரிடம் நகர்த்துவதற்குச் சுமை இருக்காது. நம்மிடம் இருக்கிறது.

எந்தச் சக்கரம் வண்டியை ஓட்டுகிறது என்பதுதான் கேள்வி. முன்சக்கரம் ஓட்டும் வேனில் கனமான பெட்டிகள் எல்லாம் பின்கதவுப் பக்கம், அதாவது பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருந்தால், அவை வண்டியின் மூக்கை மேலே தூக்கும். ஓட்ட வேண்டிய சக்கரம் லேசாகிவிடும். இந்த வண்டியில் பின்பக்கச் சுமையை இறக்கிக் கெட்டியான தரையில் வைப்பது இரண்டு விதத்தில் உதவும்: மொத்த எடையும் குறையும், முன்சக்கரத்துக்குப் பிடியும் கூடும். பின்சக்கரம் ஓட்டும் வேனில் கணக்கு தலைகீழ். அங்கே பின்சுமைதான் பிடியைக் கொடுக்கிறது. அதை முழுக்க இறக்கிவிட்டால் காலியான பின்பக்கம் துள்ளிச் சுழலும். கேபின் பக்கம் இருக்கிற கனத்தைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நகர்த்தினால் போதும்.

பின்சக்கர வண்டிக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். கிளம்பும்போது அதை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பிடித்தால், வழுக்கும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைத்து, மறுபக்கச் சக்கரத்துக்கும் முறுக்கு போகும். சில விநாடிகளுக்கு மட்டும் செய்ய வேண்டிய வேலை. முன்சக்கர வேனில் இதே வேலையைச் செய்தால் பின்பக்கம் வண்டியைப் பிடித்து இழுக்கும், பயனே இல்லை.

காற்றை இறக்குவது

இதன் புகழ் பாலைவனத்திலிருந்து வந்தது. ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தைக் கார்களில் கடந்தபோது, டயர் காற்றைக் குறைப்பதையும் சக்கரத்தின் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து மீட்பதையும் வழக்கமாக்கினார். 1940இல் அவர் உருவாக்கிய பாலைவனப் படைப்பிரிவும் அதே முறைகளோடுதான் ஓடியது. மணலுக்கு அது அருமையான வழி. காற்று குறைந்த டயர் நீளமாகப் படிந்து, எடையைப் பரப்பி, மேலோட்டமாக மிதந்து போகும்.

சேறு வேறு ஜாதி. ஆழம் தெரியாத கொழகொழ சேற்றில் இது ஓரளவு உதவும். நாலு விரற்கடை சேற்றுக்குக் கீழே கெட்டித் தரை இருந்தால், டயர் மிதப்பதைவிட வெட்டிக்கொண்டு இறங்கிக் கீழ்த்தரையைப் பிடிப்பதே மேல். அங்கே காற்றை இறக்கினால் பலன் குறைவு. வேன் டயர்களின் பக்கச் சுவர்கள் சுமைக்காகவே தடிப்பாகச் செய்யப்பட்டவை, கார் டயர் போல எளிதில் படியாது. அதைவிட முக்கியம், குறைந்த காற்றில் சுமையோடு திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ஊர்ந்து வெளியே வந்ததும் காற்று நிரப்பாமல் சாலையில் ஏறக் கூடாது, டயர் சூடாகிக் கிழியும். வேனில் கம்ப்ரசர் இருந்தால் மட்டும், அதுவும் ஓட்டும் சக்கரங்களில் இருக்கிற காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இறக்கிப் பார்க்கலாம். கம்ப்ரசர் இல்லையென்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

பலகையா, கையில் கிடைத்ததா?

சக்கரத்தின் அடியில் எதையாவது கொடுப்பது என்று முடிவு செய்தால், கையில் கிடைப்பதற்கும் அதற்கென்றே செய்த பலகைக்கும் போட்டி. கேபினில் காலடியில் விரித்திருக்கும் மேட்டைத்தான் பலர் முதலில் உருவுவார்கள். டயர் அதைக் கவ்வி, இழுத்து, பின்னால் வீசியெறியும். கெட்டியான சேற்றில் சில சமயம் பலிக்கும், பெரும்பாலும் மேட்தான் வீணாகும். உடைந்த செங்கல், கருங்கல் ஜல்லி, குறுக்கே அடுக்கிய கிளைகள் எல்லாம் மேட்டைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் நிறைய வேண்டும், முதல் கூடை சேற்றுக்குள் காணாமல் போகும்.

மீட்புப் பலகைகளின் மூதாதை இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத் தகடு. சேற்றிலும் மணலிலும் அவசர ஓடுதளம் போட அமெரிக்கர்கள் செய்த துளையிட்ட இரும்புத் தகடுகள் அவை. ஒன்று 10 அடி நீளம், 15 அங்குல அகலம், சுமார் 30 கிலோ எடை. போர் முடிந்ததும் பாலைவனப் பயணிகள் அவற்றை வெட்டி வண்டிகளில் கட்டிக்கொண்டார்கள். இன்றைய பிளாஸ்டிக் பலகைகள் ஒற்றைக் கையால் தூக்கும் எடையில் வருகின்றன. வேனின் பக்கச் சுவரில் மாட்டிவைத்தால் இடமும் அடைக்காது.

என் ஓட்டு பலகைக்குத்தான், ஒரே ஒரு நிபந்தனையோடு: மண்வெட்டி இல்லாமல் பலகை பாதிப் பொருள்தான். பலகையைச் சக்கரத்துக்கு முன்னால் சும்மா போட்டால், டயர் அதன் விளிம்பில் முட்டி அதைத் தள்ளிக்கொண்டே போகும். முதலில் எந்தத் திசையில் வெளியேறப் போகிறோமோ அந்தப் பக்கம், டயரின் அடிமட்டம் வரை சரிவாக மண்ணை அள்ள வேண்டும். அடிவயிறு மண்ணைத் தொடுகிறதா என்று கையை விட்டுப் பார்த்து, தொடுகிற இடத்தையெல்லாம் வழித்து எடுக்க வேண்டும். அப்புறம் பலகையின் நுனியை டயருக்கு அடியில் செருகி, உதைத்து இறுக்க வேண்டும். டயர் பலகையின் பல்லைக் கவ்வும் வரை மிதி மெதுவாகத்தான் இருக்க வேண்டும். சக்கரம் சுழன்றால் பிளாஸ்டிக் பற்கள் அந்தச் சூட்டில் உருகி மழுங்கிவிடும். பலகையின் வாலில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு கட்டிவையுங்கள், ஏறிப்போன பிறகு அது சேற்றுக்குள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். நேர் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. வண்டி கிளம்பிவிட்டால் கெட்டித் தரை வரும்வரை நிறுத்தாதீர்கள், பலகையைத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

சக்கரம் மட்டும் ஆழமான குழிக்குள் விழுந்திருந்தால் ஜாக்கி போட்டுத் தூக்கி, குழியைக் கல்லால் நிரப்பிப் பலகையை மேலே வைக்கலாம். ஜாக்கிக்கு அடியில் அகலமான கட்டை வேண்டும், இல்லாவிட்டால் வண்டி எழாது, ஜாக்கிதான் இறங்கும். சேற்றில் ஜாக்கி மேல் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. கல்லையும் பலகையையும் கம்பால் தள்ளி வைக்கலாம்.

டிராக்டர், கயிறு, விஞ்ச்

இனி பலத்தைக் கூட்டும் வழிகள். வாடிக்கையாளர் அன்பாகச் சொல்வது டிராக்டரைத்தான். டிராக்டருக்கு எடையும் உண்டு, பிடியும் உண்டு, மெதுவாக இழுக்கவும் தெரியும். அதனால் மற்றொரு காரோ ஜீப்போ இழுப்பதைவிட டிராக்டர் பல மடங்கு மேல். பலவீனம் நம் வேனில்தான் இருக்கிறது. பம்பரில் மூடியைக் கழற்றித் திருகி மாட்டுகிற இழுவை வளையம், பழுதான வண்டியைத் தார்ச்சாலையில் நேராக இழுத்துச் செல்வதற்குச் செய்தது. சேற்றிலிருந்து பிடுங்குவதற்குச் செய்ததல்ல. சில வேன்களில் அதன் மரை எதிர்த்திசையில் இருக்கும். அரைகுறையாகத் திருகிவிட்டு இழுத்தால் வளையம் தோட்டா போலப் பறக்கும். கடைசி மரை வரை இறுக்குங்கள். நேர்க்கோட்டில் மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போடவே கூடாது. அது முறிந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன.

கயிறிலும் இரண்டு கட்சி. பாலியஸ்டர் பட்டை அதிகம் நீளாது, மெதுவான சீரான இழுப்புக்கு ஏற்றது. நைலான் மீட்புக் கயிறு 30 சதவீதம் வரை நீண்டு, சேர்த்துவைத்த சக்தியை ஒரே உதறலில் கொடுக்கும். வலுவான கொக்கிகள் உள்ள ஜீப்புகளுக்கு நைலான் அற்புதமானது. வேனின் திருகு வளையத்துக்கு அந்த உதறல் ஆபத்து. வேனுக்குப் பாலியஸ்டர் பட்டை, டிராக்டர், ஆமை வேகம். சங்கிலி வேண்டாம், அதற்கு நீளவே தெரியாது, ஒரு வெட்டு வெட்டினால் எங்கோ ஒன்று உடையும். கயிற்றின் நடுவில் கனமான சாக்கோ ஜாக்கெட்டோ போட்டுவைத்தால் அறுந்தாலும் வீச்சு குறையும். கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்க வேண்டாம்.

தனியாளுக்கு ராட்செட் புல்லர், அதாவது கைப்பிடியை ஆட்டி ஆட்டிக் கயிற்றை இழுக்கும் கருவி, நல்ல துணை. அங்குலம் அங்குலமாகத்தான் நகரும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு கப்பி சேர்த்தால் இழுவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வேகம் பாதி. அருகில் பருத்த மரம் இருக்க வேண்டும், மரத்தில் அகலப் பட்டை சுற்றித்தான் மாட்ட வேண்டும். மரம் இல்லாத வெட்டவெளியில் அது வேனில் கிடக்கும் இரும்பு, அவ்வளவே.

ரெக்கவரி வண்டியைக் கூப்பிடும் நேரம்

அடிவயிறு முழுக்க உட்கார்ந்துவிட்டதா, வண்டி பக்கவாட்டில் சாய்கிறதா, கீழே கழிவுநீர்த் தொட்டியோ குழாயோ இருக்கும் என்று சந்தேகமா? இந்த மூன்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். வீட்டைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் மண் எப்போதும் ஈரமாக இருந்தால், வாடிக்கையாளரிடம் தொட்டி எங்கே என்று கேட்டுவிடுங்கள். தொட்டி மூடியின் மேல் டிராக்டர் ஏறினால் வேன் மாட்டியதைவிடப் பெரிய விபத்தாகிவிடும்.

பணச் செலவில் ரெக்கவரி வண்டிதான் உச்சம், காத்திருப்பும் அதிகம். சில காப்பீட்டு ஒப்பந்தங்கள் சாலையை விட்டு இறங்கிய வண்டிக்குப் பொறுப்பேற்காது, அதை முன்னாலேயே படித்துவைப்பது நல்லது. ஆனாலும் ஒரு கியர்பாக்ஸின் விலையோடு ஒப்பிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வாடிக்கையாளருக்கு போன் செய்து நேரத்தை மாற்றிவிடலாம், தோளில் தூக்க முடிகிற கருவியோடு நடந்து போய், வந்த வேலையையும் முடித்துவிடலாம்.

கூப்பிடும்போது வெறுமனே "வேன் சேற்றில் மாட்டிக்கொண்டது" என்று சொன்னால் தவறான வண்டி வரும். சுமையோடு எவ்வளவு எடை, எந்தச் சக்கரம் ஓட்டுகிறது, சேறு ஹப் வரையா மட்கார்டு வரையா, கெட்டியான தரையிலிருந்து எத்தனை மீட்டர், வண்டியின் மூக்கு எந்தப் பக்கம், இழுவை வளையம் கையில் இருக்கிறதா என்று வரிசையாகச் சொல்லுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். அவர்கள் விஞ்ச், அதாவது கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவியும், அதற்கு நீளமான கயிறும் உள்ள வண்டியோடு வந்து, கெட்டித் தரையில் நின்றபடியே இழுப்பார்கள்.