டிக்கெட்டில் ஆங்கரேஜ், கப்பல் நிற்பது விட்டியரில்: வேனிலும் ரயிலிலும் போய்வந்த அனுபவம்

அலாஸ்கா கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியவர்கள் முதல் வேலையாக டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். 'ஆங்கரேஜ்' என்று போட்டு, பக்கத்திலேயே 'விட்டியர்' என்றோ 'சீவர்ட்' என்றோ இருக்கும். கப்பல் நிற்பது அந்த இரண்டாவது ஊரில்தான். ஆங்கரேஜிலிருந்து விட்டியர் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், சீவர்ட் அதைப்போல இரண்டு மடங்கு. விமானம் இறங்குவதோ ஆங்கரேஜில்.

விட்டியர் வழியாக நான் இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை நானும் கணவரும் வான்கூவரிலிருந்து கப்பலில் வந்து அங்கே இறங்கி, ஒரு தனியார் வேனில் ஆங்கரேஜ் போனோம். போன கோடையில் அப்பா அம்மாவோடு எதிர்த்திசையில், ஆங்கரேஜிலிருந்து அலாஸ்கா ரயில்ரோடு ரயிலில் விட்டியருக்குப் போய்க் கப்பல் ஏறினோம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேனோ ரயிலோ, முதலில் சுரங்கப்பாதையைப் புரிந்துகொள்ள வேண்டும். விட்டியருக்குத் தரைவழியாகப் போக அது ஒன்றுதான் வழி. மலையைக் குடைந்த 4 கிலோமீட்டர் பாதை, ஒரே ஒரு தடம். அதே தடத்தில்தான் ரயிலும் ஓடுகிறது, காரும் ஓடுகிறது. தண்டவாளத்தைக் கான்கிரீட்டுக்குள் பதித்திருக்கிறார்கள், அதன்மேல் வண்டிகள் போகின்றன. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ராணுவம் ரயிலுக்காக வெட்டியது இது. 2000-ஆம் ஆண்டுதான் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு தடம் என்பதால் முறைவைத்து விடுகிறார்கள். விட்டியருக்கு உள்ளே போக ஒவ்வொரு மணியிலும் அரை மணிக்குத் திறக்கும், வெளியே வர முழு மணிக்குத் திறக்கும். கால் மணி நேரம்தான் திறந்திருக்கும், அப்புறம் மூடிவிடும். ரயில் வரும் நேரத்தில் இதுவும் மாறலாம். இரவில் அடைத்தே விடுவார்கள்.

அதனால் இங்கே ஐந்து நிமிடத் தாமதம் என்று ஒன்று கிடையாது. ஐந்து நிமிடம் தவறினால் ஒரு மணி நேரம் போய்விடும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கப்பலிலிருந்து இறங்கிய அன்று காலை எட்டே முக்காலுக்கு வேன் வர வேண்டும், ஒன்பது மணித் திறப்பில் வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. ஓட்டுநர் எதிர்ப்பக்கத்தில் எட்டரைத் திறப்பைச் சில நிமிடங்களில் தவறவிட்டுவிட்டார். அடுத்த திறப்பு ஒன்பதரை. அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால், நாங்கள் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது பத்து. அந்த ஒரு மணி நேரமும் தூறலில் பெட்டிகளோடு நின்றோம். விட்டியர் மழைக்குப் பேர்போன ஊர். எங்களோடு வந்த வயதான தம்பதிக்குப் பிற்பகல் பன்னிரண்டரைக்கு விமானம். அந்த அம்மா வழி முழுக்கப் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைக்கவே இல்லை, இரண்டு கையாலும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று கோபம் வந்தது ஓட்டுநர்மேல் இல்லை. முந்தைய திறப்பிலேயே வண்டியை உள்ளே அனுப்பி நிறுத்தியிருந்தால் இந்தத் தவிப்பே இருந்திருக்காது, அதைத் திட்டமிடாத நிறுவனத்தின்மேல்தான். வேன் பேசும்போது "எத்தனை மணிக்கு வருவீர்கள்" என்று கேட்காதீர்கள். "எந்தத் திறப்பில் உள்ளே வருவீர்கள்" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் பணம் கொடுங்கள்.

இன்னொன்று. ஆங்கரேஜிலிருந்து தெற்கே வர சீவர்ட் நெடுஞ்சாலை ஒன்றுதான் உண்டு. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் கடல் நீளமாக உள்ளே புகுந்த டர்னகைன் ஆர்ம். வழியில் விபத்து நடந்து சாலையை அடைத்தால் சுற்றிப்போக வேறு பாதை இல்லை. கப்பல் ஏறும் நாளில் காலையிலேயே கிளம்பச் சொல்வது இதனால்தான். முந்தைய இரவே ஆங்கரேஜில் தங்கிவிடுவது இன்னும் நல்லது.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். கோடையில் மட்டும் ஓடும் கிளேசியர் டிஸ்கவரி ரயில் அது. ஆங்கரேஜில் காலை பத்து மணிக்குச் சற்று முன்பு கிளம்பி, மதியம் பன்னிரண்டு வாக்கில் விட்டியர் போய்விடுகிறது. கப்பலில் ஏற்ற ஆரம்பிக்கும் நேரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பெரிய பெட்டிகளை ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொண்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வேனில் கால் நீட்ட முடியாது. ரயிலில் எழுந்து இரண்டு பெட்டி நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கழிவறை இருக்கிறது என்பதே அவருக்குப் பாதி நிம்மதி.

அப்பா ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். போர்ட்டேஜ் என்ற இடம் வரும்வரை அவர் அதிகம் பேசவில்லை. அந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பட்டுப்போன மரங்கள் வெள்ளி நிறத்தில் நின்றுகொண்டே இருக்கும். 1964 மார்ச் 27 அன்று வந்த 9.2 அளவுள்ள நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து, கடல்நீர் புகுந்து, உப்பில் வேர் செத்த மரங்கள் அவை. அங்கிருந்த ஊரும் அதோடு போய்விட்டது. அதைச் சொன்னதும் அப்பா கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் ஒரு சின்னக் குகை, அதைத் தாண்டியதும் மலைகளுக்கு நடுவே 'பேர் வேலி' (Bear Valley) என்ற பள்ளத்தாக்கு, பெரிய சுரங்கத்தின் வாசல். அங்கே சிவப்பு விளக்குக்கு முன்னால் கார்களும் பேருந்துகளும் வரிசை வரிசையாக நின்றன. "பாப்பா, இவ்வளவு வண்டியையும் நிறுத்திவச்சு நம்மள முதல்ல விடுறாங்களா?" என்றார். ஆமாம்பா என்றேன். கைக்கடிகாரத்தைத் திருப்பி நேரம் பார்த்துக்கொண்டார். உள்ளே இருட்டு. மறுபக்கம் வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது கடல், அடுத்து எங்கள் கப்பல், அதற்குப் பின்னால் பதினான்கு மாடிக் கட்டடம். ஊரில் இருக்கிற முந்நூறுக்கும் குறைவான ஆட்களில் பெரும்பாலானோர் அந்த ஒரே கட்டடத்தில்தான் குடியிருக்கிறார்கள். ரயிலிலிருந்து கப்பல் வாசலுக்கு அம்மா மெதுவாக நடந்தே வந்துவிட்டார்.

ஆனால் கப்பலிலிருந்து விட்டியரில் இறங்குகிறவர்களுக்கு இதே ரயிலை நான் சொல்லமாட்டேன். காலையில் இறக்கிவிடுவார்கள், இந்த ரயில் திரும்பக் கிளம்புவது மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு. அதுவரை பெட்டிகளோடு அந்தச் சின்ன ஊரில் பெரியவர்களை உட்காரவைப்பது பாவம். அப்படி இறங்குகிறவர்கள் கப்பல் நிறுவனமே நடத்தும் பேருந்தை எடுத்துக்கொள்வது நல்லது, சற்று விலை கூடினாலும் பரவாயில்லை. பயணிகள் எப்போது இறங்குவார்கள் என்று தெரிந்து வண்டிகளை வரவைக்கிறவர்கள் அவர்கள். இறங்கி டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் போய்விடாதீர்கள்.

வாடகைக் கார் எடுக்கிறவர்கள் அதை விட்டியரில் விட முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் யாராவது ஒருவர் அதை ஆங்கரேஜுக்குத் திரும்ப ஓட்டிப்போய் விட்டுவிட்டு, மறுபடி வர வேண்டியிருக்கும். சுரங்கக் கட்டணம் விட்டியருக்குப் போகும்போது மட்டும்தான், திரும்பும்போது கிடையாது.

ரயிலில் எந்தப் பக்கம் உட்காருவது என்று எங்கள் வீட்டிலேயே ஒரு விவாதம் நடந்தது. விட்டியர் போகும்போது வலப்பக்கம் டர்னகைன் ஆர்மின் தண்ணீர், கோடையின் பிற்பகுதியில் வெள்ளை பெலூகா திமிங்கிலங்கள் வரும் இடம் அது. இடப்பக்கம் பாறைச்சரிவு, அதில் வெள்ளை நிற டால் ஆடுகள் மேயும். அப்பா வலப்பக்க ஜன்னலைப் பிடித்தார், அம்மா இடப்பக்கத்தை. திமிங்கிலம் அன்று வரவில்லை. ஆடு வந்தது. மூன்று பார்த்ததாக அம்மா சொல்கிறார், தான் எழுந்து வருவதற்குள் இரண்டுதான் மிச்சமிருந்தது என்கிறார் அப்பா.