ரீகேப்ட்சாவா, டர்ன்ஸ்டைலா, ஹனிபாட்டா? சின்னத் தளத்துக்கு எது போதும்?

குமுளியில் ஹோம்ஸ்டே, தேக்கடியில் ஜீப் சவாரி, போடியில் ஏலக்காய் வியாபாரம். யாருக்கு இணையதளம் செய்து கொடுத்தாலும் கொஞ்ச நாளில் இதே போன்தான் வருகிறது: "அண்ணே, ஃபார்ம்ல வர்றது பூராம் குப்பையா இருக்கு." தளத்தின் விசாரணை ஃபார்மில் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) கொட்டும் சூதாட்ட லிங்க்குகளுக்கு நடுவே அறை கேட்டு வந்த நிஜமான விசாரணை கண்ணில் படாமல் போய்விடுகிறது.

பலரும் உடனே கேட்பது, வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் ரீகேப்ட்சா. 2009இல் கூகுள் வாங்கியது. 'நான் ரோபோ அல்ல' பெட்டி 2014இல் வந்தது. சந்தேகம் எழுந்தால் பேருந்து எங்கே, சிக்னல் எங்கே என்று படக்கட்டம் காட்டும். வண்டிப்பெரியாறு மலையில் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, அந்தப் படங்கள் இறங்குவதற்குள் ஆள் அடுத்த ஹோம்ஸ்டேக்குப் போய்விடுவார். பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இன்னும் சிரமம். இத்தனைக்கும், காசு கொடுத்தால் ஆள் வைத்தே புதிரை அவிழ்த்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில் படமே கிடையாது, 0.0 முதல் 1.0 வரை மதிப்பெண் மட்டும் தரும். ஆனால் குறைந்த மதிப்பெண் வாங்கிய நல்ல வாடிக்கையாளர் தன்னை நிரூபிக்க அதில் வழியில்லை.

கிளவுட்ஃபிளேரின் டர்ன்ஸ்டைல் (2022) இதைவிட மேல். படப் புதிர் இல்லை, பிரவுசரைப் பின்னணியிலேயே சோதித்துவிடுகிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. சோதனையில் தேறியதற்கு அது தரும் டோக்கன் (அடையாளச் சீட்டு) 5 நிமிடம் செல்லும். ரீகேப்ட்சாவுக்கு 2 நிமிடம்தான். எதைப் போட்டாலும் டோக்கனை சர்வரில் சரிபார்க்க வேண்டும். பக்கத்தில் பெட்டியை மட்டும் வைத்துவிட்டால், பாட் பக்கத்தைத் திறக்காமலே நேராக சர்வருக்கு அனுப்பிவிடும்.

என் முதல் தேர்வு ஹனிபாட். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை ஃபார்மில் வைக்கிறோம். அதை நிரப்பி வருவது பாட். சின்னத் தளத்துக்கு வருவது பெரும்பாலும் வலைவீசித் திரியும் பொதுப் பாட்கள், அவற்றில் பெரும்பகுதி இதிலேயே சிக்கும். நம் தளத்தையே குறிவைத்து எழுதிய பாட் நிரலும், ஆள் உட்கார்ந்து தட்டுவதும் சிக்காது. கட்டத்துக்கு 'போன்', 'ஈமெயில்' என்று பெயர் வைக்காதீர்கள். பிரவுசரின் ஆட்டோஃபில் நிரப்பிவிட்டால் நல்ல ஆர்டர் சத்தமில்லாமல் போய்விடும். அந்தக் கட்டத்தை சிஎஸ்எஸ்ஸால் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் குறியீடு) திரைக்கு வெளியே தள்ளி, டேப் விசை தொடாதபடியும், பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வாசிக்காதபடியும் செய்யுங்கள். கூடவே நேரச் சோதனை: பக்கம் திறந்து இரண்டு மூன்று நொடிக்குள் வந்த ஃபார்மைச் சந்தேகியுங்கள்.

ஓடிபி வேண்டாம். வெளிநாட்டுப் பயணிக்கு எஸ்எம்எஸ் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் குப்பை வந்தால் டர்ன்ஸ்டைலைச் சேருங்கள். படக்கட்டத்தை நான் எந்த வியாபாரிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாட் செய்யும் குற்றத்துக்கு வாடிக்கையாளரைச் சோதிப்பது நியாயமில்லை. சந்தேகத்தில் நிறுத்தியதை அழிக்காமல் தனி ஃபோல்டரில் போட்டு, ராத்திரி கடை அடைக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.