விட்டு விட்டுச் சத்தம் குறையும் வால்வு ஆம்ப்: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

உங்கள் கிட்டார் ஆம்ப்பில் சத்தம் வருவதும் போவதுமாக இருந்து, அதை ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தால், கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். ஒரே பழுதுக்கு நான் இரண்டு தடவை பணம் கொடுத்தேன். மூன்றாவது தடவையும் கேட்டார்கள். பழுதோ கடைசிவரை அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, இல்லாத ஒரு பழுதையும் சேர்த்து உள்ளே வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

என்னுடையது 50 வாட் வால்வு ஆம்ப், 2009 தயாரிப்பு. சிக்னலைப் பெருக்குவது வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்கள்: ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதியில் இரண்டு இஎல்34, கிட்டார் சிக்னலை முதலில் வாங்கும் முன்பகுதியில் நான்கு 12ஏஎக்ஸ்7. 20 நிமிடம் அருமையாகப் பாடும். அப்புறம் திடீரென்று சத்தம் பாதியாகிவிடும், ஸ்பீக்கர் மேல் போர்வை போட்டு மூடியது போல. சில சமயம் கரகரப்பு. ஓங்கி ஒரு கார்டு அடித்தால் டப்பென்று முழுச் சத்தமும் திரும்பி வரும். கேபிளை மாற்றினேன், கிட்டாரை மாற்றினேன், பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு நேராகச் செருகினேன். எதிலும் மாற்றமில்லை. பழுது ஆம்ப்பில்தான் என்று உறுதியானது.

கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் எப்போது குறைகிறது, எப்படித் திரும்புகிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் போன். “வால்வு ஆறும் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்.” சரி என்றேன். வாங்கி வந்து வாசித்தால் அற்புதமாக இருந்தது. பத்து நாள். பதினோராவது நாள் அதே போர்வை.

திரும்பக் கொண்டுபோனேன். இந்தத் தடவை, உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன, ஐந்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். மறுபடியும் ஒரு வாரம் நன்றாக ஓடியது, மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை போனபோது, “அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே எரிஞ்சிட்டு வருது” என்றார்கள். பவர் வால்வுகளையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் பாகம் அது. அதற்குச் சொன்ன தொகை ஆம்ப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. என் பழைய வால்வுகளையாவது கொடுங்கள் என்று கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கேதான் எனக்கு உறைத்தது. ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து ஒரு வயதான டெக்னீஷியனிடம் போனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை. முதலில் என்னை வாசிக்கச் சொல்லி, பழுது வரும்வரை பக்கத்திலேயே காத்திருந்தார். அரை மணி நேரத்தில் வந்தது. ஓங்கி அடித்தால் திரும்புகிறது என்று காட்டினேன். “எஃபெக்ட்ஸ் லூப் பயன்படுத்துவியா தம்பி?” என்று கேட்டார். முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் பெடல்களை இணைக்கும் வழி அது; சென்ட் ஜாக்கில் சிக்னல் வெளியே போய், ரிட்டர்ன் ஜாக்கில் உள்ளே திரும்பும். ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை என்றேன். சத்தம் குறைந்தே இருந்த நேரத்தில், பின்பக்கம் சென்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு குட்டைப் பேட்ச் கேபிளைச் செருகினார். முழுச் சத்தமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வாசித்தோம், ஒரு தடவைகூடக் குறையவில்லை.

விஷயம் இதுதான். ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் செருகாதபோது, உள்ளே இருக்கும் ஒரு சின்ன உலோக நாக்கு தொட்டுக்கொண்டிருப்பதால்தான் முன்பகுதியின் சிக்னல் பவர் பகுதிக்குப் போகிறது. லூப்பைத் தொடாதவர்களின் ஆம்ப்பில் அந்த நாக்கு வருடக்கணக்கில் அசையாமல் கிடந்து தூசியும் ஆக்ஸைடும் படிந்துவிடும். தொடுதல் அரைகுறையானால் சத்தம் குறையும். பலமான சிக்னல் வந்தால் அந்தப் படலத்தைத் தாண்டிக்கொண்டு போய்விடும், ஓங்கி அடித்த கார்டுக்குச் சத்தம் திரும்பியது அதனால்தான். பேட்ச் கேபிள் போட்டால் சிக்னல் அந்த நாக்கைத் தொடாமலே சுற்றிப் போய்விடுகிறது. (லூப் வழியாக வருவதையும் நேராகப் போவதையும் கலக்கும் மிக்ஸ் குமிழ் உள்ள ஆம்ப்களில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லாது.) கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை இருபது முப்பது தடவை செருகி எடுத்தார். ஐந்து நிமிட வேலை.

அப்படியானால் முதல் தடவை பத்து நாள் எப்படி ஓடியது? பவர் பகுதியைத் தனியாகச் சோதிக்க ரிட்டர்ன் ஜாக்கில்தான் சிக்னல் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்போது பிளக் உரசியதில் நாக்கு கொஞ்சம் சுத்தமாகியிருக்கும் என்றார் பெரியவர். வந்து வந்து போகும் பழுதில் இருக்கும் ஆபத்தே இதுதான். எதை மாற்றினாலும் குணமானது போலவே தெரியும், நாமும் நன்றி சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு வருவோம்.

மீதியை ஆம்ப்பைத் திறந்தபோது பார்த்தோம். மாற்றியதாகச் சொன்ன ஐந்து கெபாசிட்டர்களும் தொழிற்சாலையில் ஒட்டிய பசையோடு அப்படியே இருந்தன, மேலே 2008 என்ற ஆண்டுக் குறியோடு. புதிது என்று விற்ற இஎல்34 இரண்டும் வேறு வேறு தயாரிப்பு, பின்களில் பழைய சாக்கெட்டின் கீறல்கள். என் ஆம்ப்பில் பவர் வால்வு மாற்றினால் பயாஸை, அதாவது வாசிக்காதபோது வால்வு எவ்வளவு மின்னோட்டம் இழுக்கலாம் என்ற அமைப்பை, சரிபார்த்தே ஆக வேண்டும். அதைத் தொடவே இல்லை. வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்ற உலோகத் தகட்டில் 450 வோல்ட் இருக்க, ஒரு வால்வு 31 மில்லி ஆம்பியர் இழுத்தது, மற்றது 58. இரண்டாவதைப் பெருக்கிப் பாருங்கள், 26 வாட். இஎல்34-இன் பிளேட் தாங்கும் அளவு 25 வாட். அதுவும் நான் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே. இப்படியே ஓட்டியிருந்தால் பிளேட் சிவந்து, வால்வு போய், அவர்கள் பொய்யாகச் சொன்ன அந்த டிரான்ஸ்ஃபார்மரும் நிஜமாகவே எரிந்திருக்கலாம். பணத்தைவிட எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

எனவே, கொடுக்கும்போதே பழைய பாகங்கள் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. அவர் கண்முன் பழுது வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், எதை வைத்து அந்தப் பாகம் என்று முடிவு செய்தார் என்று கேளுங்கள். பவர் வால்வு மாற்றினால் பயாஸ் எவ்வளவு வைத்தார் என்ற எண் பில்லில் இருக்கட்டும். வேலை தெரிந்தவருக்கு இதெல்லாம் கோபம் வரவழைக்கும் கேள்விகள் அல்ல. பெரியவர் நான் கேட்காமலே அந்த எண்களைச் சொன்னார்.

நீங்களாகச் செய்து பார்க்கக்கூடியவை வெளியில் இருப்பவை மட்டும்: கேபிள், லூப்பில் பேட்ச் கேபிள். சென்ட் ஜாக்கிலிருந்து இன்னொரு ஆம்ப்புக்குச் சிக்னல் கொடுத்துப் பார்த்தால், குறைவது முன்பகுதியா பவர் பகுதியா என்பதும் பிரிந்துவிடும். ஸ்பீக்கர் ஒயரைத் தொட வேண்டுமென்றால் ஆம்ப்பை அணைத்துவிட்டுத் தொடுங்கள், ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஆம்ப்பைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், அது ஆளைக் கொல்லும்.

முதல் இடத்துக்கு நேரில் போய், கெபாசிட்டர்களைப் போட்டோ எடுத்துக் காட்டிக் கேட்டேன். “நாங்க கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு” என்றார்கள். கெபாசிட்டருக்கு வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் வரவில்லை. என் பழைய இஎல்34 ஜோடியும் வரவில்லை. அவற்றைச் சோதித்துப் பார்த்ததாக ஒரு எண்ணைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை.