பஞ்சில் திணறிய எஸ்.எம்.பி.எஸ்., இடியில் வெடித்த எஸ்.எம்.பி.எஸ்.: எதைச் சரி செய்யலாம், எதை மாற்ற வேண்டும்?

நேற்று வரை ஓடிய கம்ப்யூட்டர் இன்று சுவிட்சை அழுத்தினால் அசையவில்லை. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். போயிருந்தால், கடையில் மூன்று வழி சொல்வார்கள்: இருப்பதையே சரி செய்வது, கேபினெட்டோடு வரும் மலிவு ரகம் ஒன்றைப் போடுவது, 80 பிளஸ் என்ற திறன் முத்திரை பெற்ற யூனிட் வாங்குவது. இவற்றில் எது என்பதை, பழையது எப்படிப் போனது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் பனியன் கம்பெனியிலும் தறிக் குடோனிலும் பஞ்சு அடைத்துச் சூட்டில் போவது ஒரு ரகம். சித்திரை, வைகாசி இடிமழையிலோ, டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் அறுந்து வோல்ட்டேஜ் எகிறியோ போவது இன்னொரு ரகம்.

முதலில், போனது எஸ்.எம்.பி.எஸ். தானா என்று பார்த்துவிடுங்கள். ஸ்பைக் பஸ்டரை விட்டுவிட்டு, வேறு பவர் கார்டில் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். மதர்போர்டில் செருகும் 24 பின் கனெக்டரில் ஊதா வயருக்கும் கறுப்புக்கும் இடையே மீட்டரில் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் இது வரும். வந்தால் பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாக் கனெக்டரையும் கழற்றி, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மறுபடி கரண்ட் கொடுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் ஊதா 9வது பின், பச்சை 16வது பின். ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். தனியாக நன்றாக ஓடி, போர்டில் மாட்டியதும் உடனே அணைந்தால் ஷார்ட் பெரும்பாலும் போர்டிலோ கிராபிக்ஸ் கார்டிலோ இருக்கும். அப்போது புது எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது வீண் செலவு.

பஞ்சுச் சாவு மெதுவாக வரும். அரை மணி நேரம் ஓடிவிட்டு நிற்கும்; காலையில் நாலு தடவை அழுத்தினால்தான் எழும். ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்த மெஷின், கரண்ட் போய் வந்த பிறகு எழவே எழாது. இந்தக் கடைசி அறிகுறி முக்கியமானது. ஸ்டாண்ட்பை பகுதியில் (ஆஃபில் இருக்கும்போதும் அந்த 5 வோல்ட்டைக் கொடுக்கும் பகுதி) உள்ள 10 அல்லது 22 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் சின்ன கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்துபோயிருக்கும். ஓடும் வரை சமாளிக்கும், ஆறிவிட்டால் திரும்பத் தூக்க அதற்குத் தெம்பு இருக்காது. தலை உப்பிய 1000, 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களும் இதே வகைதான். இங்கே பழுது பார்ப்பதுதான் நல்ல வழி, அதுவும் யூனிட் நல்ல ரகமாக இருந்தால் மட்டும். 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் தடை குறைந்த) கெப்பாசிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி சாதா ரகம் போட்டால் அடுத்த கோடையில் அதே கதை. ஃபேனையும் கூடவே மாற்றிவிடுங்கள். பஞ்சு சிக்கி இறுகிய ஃபேனை எண்ணெய் விட்டு ஓட்டுவது சில வாரக் கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை: உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 100 வாட் குண்டு பல்பை அதன் இரு முனையிலும் வைத்து வடியவிட்டு, மீட்டரில் அளந்த பிறகே கை வையுங்கள். இதில் பழக்கம் இல்லையென்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

இடிச் சாவு ஒரே நொடி. 'டப்' என்று சத்தம், கருகிய வாடை, எம்.சி.பி. விழும், பக்கத்தில் டி.வி.யும் போயிருக்கும். மலிவு ரகத்தின் பின்னால் உள்ள 115/230 சுவிட்சை யாராவது 115க்குத் தள்ளியிருந்தாலும் இதே முடிவு. உள்ளே ஃப்யூஸ் கருத்திருக்கும். வெறும் ஃப்யூஸை மாற்றினால் அதுவும் உடனே போகும், ஏனென்றால் பிரிட்ஜ் ரெக்டிஃபயரோ ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கும். டிரான்சிஸ்டர் போகும்போது கன்ட்ரோல் ஐ.சி.யையும் இழுத்துக்கொண்டு போகும். எல்லாம் மாற்றினாலும், வெடித்த வாரிஸ்டரை (வோல்ட்டேஜ் எகிறினால் தாங்கிக் காக்கும் பாகம்) பிடுங்கிவிட்டுச் சும்மா விட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அடுத்த இடிக்குக் காவல் இல்லை. எனவே இந்த வகைக்குப் புதிதுதான். ஆனாலும் சரி செய்தே தீருவோம் என்பவர்கள், முதல் கரண்டை 60 வாட் குண்டு பல்பை சீரியலில் போட்டுக் கொடுங்கள். பல்ப் நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

புதிதில் மலிவா, நல்லதா? ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் மொத்தமே 192 வாட். பில் போடவும் டேலி ஓட்டவும் அது தாங்கும். கிராபிக்ஸ் கார்டு போட்டு டிசைன் வேலை செய்யும் மெஷினுக்குத் தாங்காது. இந்த ரகத்தில் வாரிஸ்டரும் ஃபில்டர் காயிலும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியைப் போட்டு விற்பதும் நடக்கிறது. 80 பிளஸ் யூனிட் பல மடங்கு விலைதான், ஆனால் 20, 50, 100 சதவீத லோடில் குறைந்தது 80 சதவீதத் திறன் என்பது அந்த முத்திரையின் அடிப்படை. வீணாகும் சூடு குறைவு. பஞ்சு பறக்கும் இடத்தில் அதற்குத்தான் காசு.

ஒரு சிக்கல்: நல்ல யூனிட்டுகளில் ஆக்டிவ் பி.எஃப்.சி. (லைனிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) இருக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரிலோ சின்ன யூ.பி.எஸ்.ஸிலோ மாட்டினால், கரண்ட் போகும் நொடியில் சில யூனிட் ரீஸ்டார்ட் ஆகிவிடும். கிணற்று மோட்டார் கிளம்பும்போதெல்லாம் வோல்ட்டேஜ் சாய்கிற தோட்டத்து லைனில் இது அடிக்கடி தெரியும். சைன் வேவ் யூ.பி.எஸ். வாங்க முடியாதவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் போட்டாலும் மாட்டும் முன் பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்து பாருங்கள். ஃபேஸ்–நியூட்ரலில் வரும் அதே 230 ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் எர்த் இல்லை. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது அதனால்தான். முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.