கற்பித்தல் ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜ்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில், இளநிலை மாணவர்கள் பயன்படுத்தும் மேசை சென்ட்ரிஃபியூஜை, அதாவது குழாய்களை வேகமாகச் சுழற்றிக் கலவைகளைப் பிரிக்கும் இயந்திரத்தை, பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். குழாய்களைத் தாங்கும் நான்கு வாளிகள் தொங்கும் சுழலி. வேகம் நிமிடத்துக்கு 4000 சுற்றுகள். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் வாங்கலாம் என்பேன். ஆனால் வேகத்தைவிட மூடியின் பூட்டை முதலில் பாருங்கள்.

2023இல் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோதுதான் அந்தப் பூட்டின் அருமை தெரிந்தது. மின்சாரம் போனால் திரை அணையும், மோட்டார் ஓசை அடங்கும். கூடவே சுழலியை நிறுத்தும் மின் பிரேக்கும் செயலிழந்துவிடுவதால், சுழலி மெல்ல மெல்ல வேகம் குறைந்தபடி நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். மாணவர்களோ இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்து மூடியைத் திறக்கப் பார்ப்பார்கள்; பூட்டுதான் தடுக்கும். பூட்டை அவசரமாக விடுவிக்க ஒரு சிறு கம்பி உண்டு. அதை இயந்திரத்தின் அருகே வைக்க நான் விடுவதில்லை. என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

"அங்கிள், என் சாம்பிள் உள்ளே இருக்கிறது" என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி மாணவன் ஒருவன் பதறினான்.

"இருக்கட்டும் மகனே, அது எங்கும் போய்விடாது. முதலில் சுவிட்சை அணை."

மின்சாரம் திரும்பும்போது மின்னழுத்தம் எகிறி மின்னணுப் பலகையைக் கெடுத்துவிடலாம் என்பதால் சுவரிலேயே அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். மூடியில் உள்ள கண்ணாடித் துளை வழியாகச் சுழலி அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கம்பி வெளியே வரும். அந்தத் துளை இல்லாத மாடலைக் கற்பித்தல் ஆய்வகத்துக்கு வாங்கவே கூடாது.

அடுத்தது எடைச் சமநிலை. எதிரெதிர்க் குழாய்களில் ஒரே கோடு வரை ஊற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஒன்றில் 10 மில்லிலிட்டர் தண்ணீர், மற்றதில் அதே அளவு தெவிட்டிய உப்புக் கரைசல் என்றால் ஏறத்தாழ 2 கிராம் வேறுபாடு. 16 செ.மீ. ஆரத்தில், 4000 சுற்றில், ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 2.9 கிலோ எடைபோல இழுக்கும். வேகம் இருமடங்கானால் இழுவை நான்கு மடங்கு. ஆகவே தராசு இயந்திரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு குழாய்கள்தான் என்றாலும் நான்கு வாளிகளையும் மாட்டியாக வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அரிப்பு. கடற்கரை ஊரின் ஈரக் காற்றோடு, சிந்திய உப்புக் கரைசலும் சேர்ந்துகொள்கிறது. வாளியின் அடியில் உள்ள ரப்பர் மெத்தையை எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். துடைத்தால் அலுமினியத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். குழி கண்ட வாளியை அன்றே ஒதுக்கிவிடுகிறேன், எவ்வளவு விலை என்றாலும் சரி. பிளீச் வேண்டாம், அது அலுமினியத்தைத் தின்னும். மிதமான சோப்பு நீர், பிறகு காய்ச்சி வடித்த நீர், தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்தல் போதும். வாளி தொங்கும் முளைகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். அது காய்ந்தால் வாளி முழுதாக விரியாமல் இயந்திரம் உதறும்.

குறை என்றால் உதிரிபாகங்கள்தான். ஒரு ரப்பர் வளையத்துக்குக்கூட வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். வாங்கும்போதே மாற்று வாளித் தொகுதி ஒன்றையும் ரப்பர் மெத்தைகளையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.