நான்கு ரோட்டுப் புத்தகக் கடையும் என் ஐந்து வயது வாசகியும்

சேலம் நான்கு ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே இயங்கும் சிறிய புத்தகக் கடைக்குக் கடந்த மூன்று மாதங்களில் நான்கு முறை சென்றிருக்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. எழுத்துகளை அறிவாள், சொற்களை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். அவளுக்காக இதுவரை 1,240 ரூபாய்க்கு 17 புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். அவற்றுள் ஆறு புத்தகங்களை அவளே எடுத்து வந்து, திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள். தொடாமல் கிடப்பவற்றில் பெரும்பாலானவை, முதல் முறை நான் மட்டும் தனியாகப் போய் அட்டையை நம்பி வாங்கி வந்தவை.

கடையின் தலையான சிறப்பு, சிறுவர் நூல்களுக்கான தட்டுகள் ஒரு குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்குள் முடிந்துவிடுவது. புத்தகங்கள் அட்டை தெரியும்படி நிற்கின்றன. எதற்கும் பிளாஸ்டிக் உறை ஒட்டப்படவில்லை. கீழே ஒரு கோரைப்பாயும் விரித்திருக்கிறார்கள். "பாப்பாவே எடுத்துப் பார்க்கட்டும்ங்க, அவசரமில்ல" என்று கடையை நடத்தும் அம்மா சொன்னதோடு நிற்காமல், நாங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதும் முகம் சுளிக்கவில்லை. சிறு குழந்தைக்கான நூலை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் தேர்ந்தெடுக்க இயலாது என்பதால், இந்த அனுமதியைத் தள்ளுபடியைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

நான் கைக்கொள்ளும் முறை இதுதான். நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, மகளுக்குக் கேட்கும்படி படிப்பேன். "தன் முகத்தில் ஒரு பெரிய புன்னகையுடன் முயல் தன் வீட்டினுள் நடந்தது" என்பது போன்ற வரி வந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுவேன். நம் வீட்டில் யாரும் அப்படிக் கதை சொல்வதில்லை. "முயலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, துள்ளிக்கொண்டே வளைக்குள் ஓடியது" என்றிருந்தால் குழந்தை நிமிர்ந்து பார்க்கிறாள். மொழிபெயர்ப்பு நூலாயினும் பாட்டி சொல்வது போல ஓடும் தமிழ் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் கேட்டுப் பழகிய நடையைத்தான் அவள் நாளை தானாகப் படிக்கப் போகிறாள்.

எழுத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். 247 எழுத்துகள் என்று நாம் அஞ்சினாலும், புதிதாகப் படிக்கும் குழந்தையைத் தடுமாற வைப்பது அந்த எண்ணிக்கை அன்று. "கொக்கு" என்ற சொல்லில் காதுக்கு முதலில் கேட்பது ககர ஒலி. கண்ணுக்கு முதலில் படுவதோ ஒற்றைக்கொம்பு, அதன்பின் ககரம், அதற்கும் பின் கால். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்கும் வேலை நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது, அவளுக்கு அப்படியில்லை. ஆகவே எழுத்து பெரிதாக இருக்கிறதா, வரிகளுக்கிடையே போதிய இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். "ஓடிக்கொண்டிருந்தபோது" போன்ற நீண்ட சொல்லைப் பாதியில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கும் நூல்களைக் கட்டாயம் தவிர்க்கிறேன். பெரியவர்கள் கவனிக்காத இந்த அச்சு வழக்கம் குழந்தையை அங்கேயே நிறுத்திவிடுகிறது.

2004-இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் தங்கள் நூல்களை நான்கு படிநிலைகளாகப் பிரித்திருப்பது பெற்றோருக்கு நல்ல துணை. முதல் நிலையில் ஒரு கதை 250 சொற்களுக்குள் அடங்கும். 2015 முதல் அவர்கள் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம் என்பதால், அங்கே பார்த்துக் குறித்துக்கொண்டு, அச்சில் கிடைப்பவற்றைக் கடையில் கேட்கிறேன். ஆனால் தானே படிக்கும் நிலையும் கேட்டு மகிழும் நிலையும் ஒன்றல்ல: முதல் நிலையைத் தடவித் தடவிப் படிக்கும் என் மகள், மூன்றாம் நிலைக் கதையை இமைக்காமல் கேட்கிறாள். இரண்டு வகையிலும் வாங்குகிறேன். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் துளிகா பதிப்பக நூல்களும் இங்கே உண்டு. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அவை பொருத்தமானவை, தமிழை முதலில் படித்துவிடும் பழக்கம் மட்டும் நமக்கு இருக்க வேண்டும்.

சென்ற மாதம் ஏற்காட்டில் என் மாமியார் வீட்டுக்குப் போனபோது இங்கே வாங்கிய இரண்டு புத்தகங்களைக் கொண்டுபோனோம். காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் மிளகு படர்ந்திருந்ததைப் பார்த்தவள், உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து, மரத்தில் ஏறும் கொடியின் படத்தைத் திறந்து, அதன் கீழிருந்த "கொடி" என்ற சொல்லை யார் உதவியும் இன்றிப் படித்தாள். கண்ணெதிரே உள்ள செடியும் விலங்கும் வரும் நூல்களை அன்றிலிருந்து தேடி வாங்குகிறேன்.

குறைகளும் உண்டு. கல்லாவின் அருகில் கட்டாக வைத்திருக்கும், பத்துப் புத்தகம் 300 ரூபாய் என்ற நீதிக்கதைத் தொகுப்பை வாங்க வேண்டாம். முதல் முறை நான் வாங்கினேன். தாள் மெலிது, ஒரே கதை இரண்டு புத்தகங்களில் வருகிறது, ஒவ்வொரு கதையின் முடிவிலும் தடித்த எழுத்தில் நீதி நிற்கிறது. கதையைக் கேட்டுவிட்டுக் குழந்தை ஏதோ யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் அந்த வரி வந்து வாயை அடைக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கான கெட்டி அட்டைப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. ஞாயிறு மதியத்துக்குப் பின் கடை திறப்பதில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முன் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனால் பாயில் இடம் கிடைக்கும்.